பெற்றுக்கொள்ளப் பழகும் சின்னக் கைகள்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் நடைபெற்ற பிறந்தநாள் விழாவுக்குச் சென்றிருந்தேன். ஆறு வயதை நிறைவுசெய்த சிறுவனுக்கு விழா. சுவரெங்கும் வண்ணப் பலூன்கள், மேசையில் கார் வடிவத்தில் செய்யப்பட்ட கேக், அதனருகே ரோல்ஸ், பற்றிஸ், மிக்சர், குளிர்பானம். பிள்ளைகள் சங்கீதக் கதிரை விளையாடி, விழுந்து, அழுது, மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய வீடுகளுக்கு நீங்களும் சென்றிருப்பீர்கள். அங்கு நடந்தவற்றுள் ஒரு நிமிடத்தை மாத்திரம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் விழாவுக்கு வந்திருந்தார். முழங்கால் வலியுடன் படியிறங்கி வந்தவர், பழைய நாட்காட்டித் தாளின் வெண்மையான பின்புறம் வெளியே தெரியும்படி அழகாகச் சுற்றி, சிவப்பு நூலால் கட்டிய சிறு பொதியொன்றைப் பையனிடம் கொடுத்தார். அவன் அவர் முன்னிலையிலேயே அதைக் கிழித்தான். உள்ளே பன்னிரண்டு நிறப் பென்சில்கள்.

“இது என்னட்டை கனக்க இருக்கு. வேற ஒண்டும் கொண்டு வரேல்லையோ?”

அறையிலிருந்த பேச்சு ஒரு கணம் நின்றது. “பிள்ளை, ரீச்சருக்குத் தாங்ஸ் சொல்லுங்கோ” என்று தாய் கூறினார். குரலில் கனிவைவிடக் கண்டிப்பே மேலோங்கியிருந்தது. நிலைமையைச் சமாளிக்க நினைத்த தந்தையோ, “அவனுக்கு இப்ப ரிமோட் காரெண்டால்தான் விருப்பம் ரீச்சர்” என்று சிரித்தார். ஆசிரியை பையனின் தலையைத் தடவி, “பரவாயில்லை ராசா, அடுத்த முறை பாப்பம்” என்றார். கடதாசித் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்ட கேக்கில் பாதியை உண்டார். சற்று நேரம் கழித்து, கால் வலிக்கிறதென்று கூறி எழுந்து சென்றுவிட்டார்.

சின்னப் பிள்ளைதானே, இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிள்ளையைக் குறைகூற வரவில்லை. அவன் தன் மனதில் இருந்ததைச் சொன்னான், சொன்னதும் உண்மையே. பிள்ளையின் சொல்லைவிடத் தந்தையின் சொல்லே அந்த முதியவரை அதிகமாகக் காயப்படுத்தியிருக்கும் என்பது என் எண்ணம். பிள்ளையின் வார்த்தை அறியாமையில் வந்தது. தந்தையின் சிரிப்போ, ‘நீங்கள் கொண்டுவந்தது போதாது’ என்பதற்கு ஒரு முத்திரை குத்தியது.

கொடுப்பதைப் பற்றி நாம் பிள்ளைகளுக்கு நிறையவே சொல்லிக்கொடுக்கிறோம். ஞாயிறு பாடசாலையில் காணிக்கைத் தட்டு வரும்போது அவர்களுடைய சின்னக் கைகளில் நாணயத்தை வைத்து அனுப்புகிறோம். ஏழை விதவையின் இரண்டு காசுகளைப் பற்றிக் கதை சொல்கிறோம். வாங்குவதைக் காட்டிலும் கொடுப்பதே பாக்கியம் என்று ஆண்டவர் சொன்னதைப் பவுல் எபேசுவின் மூப்பர்களுக்கு நினைவூட்டிய செய்தி அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் நம்மிடையே இல்லை. அதனாலேதானோ என்னவோ, வாங்குவது என்பது தாழ்ந்த காரியம், அதற்கெனத் தனியே பழக்கம் எதுவும் வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டோம். ஆயினும் ஒரு பிள்ளை தன் முதல் பத்து ஆண்டுகளில் கொடுப்பதைவிடப் பெற்றுக்கொள்வதே மிகமிக அதிகம். பால், உடை, கொப்பி, சப்பாத்து, மருந்து, முத்தம் எல்லாமே பெற்றுக்கொள்பவைதான். நாளாந்தம் செய்யும் காரியத்தில் பயிற்சியில்லாமலும், எப்போதாவது செய்யும் காரியத்தில் மாத்திரம் பயிற்சியுடனும் அவர்களை வளர்க்கிறோம்.

இதை நான் ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவனாக எழுதவில்லை. நானும் ஒருகாலத்தில் அந்தப் பையனாக இருந்தவன்.

1992ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எனக்கு எட்டு வயது நிறைவடைந்தது. குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோய் இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. பொருளாதாரத் தடை காரணமாக மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாமே தட்டுப்பாடு. இரவில் ஜாம் போத்தல் விளக்குகளின் துளி வெளிச்சத்தில் படித்தோம். வானொலி கேட்க விரும்பியவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுழற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் இல்லை. அம்மம்மா பயற்றம் பணியாரம் சுட்டார். வீட்டிலிருந்த கடைசி மெழுகுதிரியைப் பாதியாக வெட்டி ஏற்றினோம்.

அன்றுதான் கொழும்பிலிருந்து சின்ன மாமா வந்து சேர்ந்தார். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகுகளில் கடந்தார்கள். கடலில் சூடு விழுந்து மாண்டவர்கள் பலர். இவையெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கோ மாமா வந்திருக்கிறார், கையில் பொதியிருக்கிறது என்பது மாத்திரமே தெரியும். உள்ளே சிவப்பு நிறக் கார். அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடி. திறந்து பார்த்தேன், பற்றரி வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது. பற்றரி எங்கே என்று கேட்டேன். “கிடைக்கேல்லை ராசா” என்றார் மாமா. “ஓடாத கார் எனக்கு என்னத்துக்கு?” என்று சொல்லிக் காரைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடிப்போனேன்.

அம்மா அடிக்கவில்லை. அன்றிரவு காரின் முன்புறத்தில் நூலொன்றைக் கட்டி எனது தலைமாட்டில் வைத்திருந்தார். மறுநாள் காலையில் நூலைப் பிடித்து முற்றத்து மணலில் இழுத்துப் பார்த்தேன். கார் ஓடியது. மாமா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு பார்த்துச் சிரித்தார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று யாரும் கூறவுமில்லை. நமது வீடுகளில் நன்றி என்ற சொல் மேடைகளுக்கும் கடிதங்களுக்கும் உரியதாகவே இருந்தது. உறவுக்குள் அதைச் சொல்வது அந்நியப்படுத்துவதாகக் கருதப்பட்டது. திருக்குறளில் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பத்துக் குறள்களைக் கொண்ட தனி அதிகாரமே உண்டு. ஆனால் அங்கே பேசப்படுவது அறிதல். வாயால் சொல்லுதல் அல்ல. நமது முன்னோர் நன்றியைச் சொல்லில் காட்டாமல், இரு கைகளாலும் வாங்குவதில், வாங்கியதை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதில், வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதில் காட்டினார்கள். இடக்கையால் வாங்கிய பிள்ளையைத் திருத்தாத பாட்டி இல்லை. இன்று அந்த உடல்மொழியும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த ‘தாங்ஸ்’ என்ற சொல்லும் பிள்ளையின் வாயிலிருந்து தானாக வருவதில்லை, முதுகில் ஒரு தட்டுத் தட்டினால்தான் வருகிறது.

இங்கே உண்மையான கிறிஸ்தவப் பெற்றோர் பலருக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘பொய் சொல்லாதே என்று போதிக்கும் நானே, பிடிக்காத பொருளைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்படி பிள்ளையைப் பழக்கலாமா?’ என்று இளந்தாய் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியல்ல.

கரோலின் சார்னி என்ற அமெரிக்க உளவியலாளர் 1984ஆம் ஆண்டில் இது தொடர்பான ஆய்வொன்றை வெளியிட்டார். ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பாடசாலைப் பிள்ளைகள் சிறு வேலையொன்றைச் செய்து கொடுத்ததற்காக முதலில் அவர்கள் விரும்பும் அன்பளிப்பைப் பெற்றார்கள். அடுத்த முறை அதே வகையான வேலைக்குக் கைக்குழந்தைகள் விளையாடும் பொருளொன்று கொடுக்கப்பட்டது. அந்தக் கணத்தில் அவர்களுடைய முகங்கள் எவ்வாறு மாறின என்பதே ஆய்வு. வயதில் குறைந்தவர்கள், குறிப்பாக ஆண்பிள்ளைகள், ஏமாற்றத்தை மறைக்காமல் காட்டினார்கள். வயதில் மூத்தவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், புன்னகையுடன் பெற்றுக்கொண்டார்கள். இடையில் நின்றவர்கள் உதட்டைக் கடித்தும், கொடுத்தவரின் முகத்தையும் பொருளையும் மாறிமாறிப் பார்த்தும் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தன் ஏமாற்றத்துக்கு வெளியே இன்னொரு மனிதர் நிற்கிறார் என்று பிள்ளை கண்டுகொள்ளும் இடம் அது. ஆறு வயதில் அது முழுமையாக வந்துவிடாது. வராததற்காக விருந்தினர் முன்னிலையில் பிள்ளையை வெட்கப்படுத்துவதும் முறையல்ல.

எனது பதில் இதுதான். பொருளைப் புகழும்படி பிள்ளையைக் கேட்காதீர்கள். ஆளைப் பார்க்கும்படி கேளுங்கள். “எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது” என்ற பொய் தேவையில்லை. “எனக்காகப் படியிறங்கி வந்தீர்களா?” என்பதில் பொய் எதுவுமில்லை. “நீங்களே சுற்றினீர்களா, நூல் அழகாயிருக்கிறது” என்பதிலும் பொய் இல்லை.

பெற்றுக்கொண்டவர் எழுதிய மடல்களுள் நமக்கு மிகவும் அறிமுகமானது பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபம். அதன் நான்காம் அதிகாரத்தைப் பவுல் சிறையிலிருந்து எழுதும் நன்றிக் கடிதமாக எண்ணி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குறைவிலும் நிறைவிலும் இருக்கத் தான் பழகியிருப்பதாக ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பொருளுக்காக ஏங்கிக் கிடந்ததாக அவர் நடிக்கவில்லை. அதேவேளை அவர்கள் அனுப்பியதை அற்பமாக்கவுமில்லை. தொடக்க காலத்தில் தனக்குக் கைகொடுத்தவர்கள் அவர்கள் மாத்திரமே என்பதை நினைவுகூருகிறார். அதற்கு முன்பே, இரண்டாம் அதிகாரத்தில், பொருளைச் சுமந்துவந்த எப்பாப்பிரோதீத்து நோயுற்று மரணத்தின் விளிம்புவரை சென்றதைக் குறிப்பிட்டு, அவரை மதித்து வரவேற்கும்படி கேட்டுக்கொள்கிறார். அனுப்பப்பட்ட பொருள் என்ன, எவ்வளவு என்று கடிதத்தில் எங்கும் கூறப்படவில்லை. கொடுத்தவர்களும் சுமந்துவந்தவருமே அங்கு நிறைந்திருக்கிறார்கள்.

பிறந்தநாள் விழா என்று வெளிப்படையாகச் சொல்லப்படுபவை வேதாகமத்தில் இரண்டே. ஒன்று ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில் வரும் பார்வோனின் விருந்து. மற்றையது ஏரோதுவின் விருந்து. இரண்டிலும் ஒருவர் உயிரிழக்கிறார். இதைக் காட்டிப் பிறந்தநாள் கொண்டாடுவதே பாவம் என்போர் உண்டு; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் ஏரோதுவின் விருந்தைப் பெற்றோர் ஒருமுறை வேறு கோணத்தில் வாசிக்க வேண்டும். நாம் அதை யோவான் ஸ்நானகனின் மரணமாக மாத்திரமே வாசித்துப் பழகியிருக்கிறோம். அங்கே அன்பளிப்புப் பெறவிருக்கும் ஒரு பிள்ளையும் இருக்கிறாள்.

மாற்கு அவளைக் குறிக்கப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், அதற்கு முந்தைய அதிகாரத்தில் பன்னிரண்டு வயதான யவீருவின் மகளுக்குப் பயன்படுத்தப்பட்ட அதே சொல். சிறுமி என்பதே அதன் பொருள். அவளுடைய பெயரைச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. எதை வேண்டுமானாலும் கேள், இராச்சியத்தில் பாதியானாலும் தருவேன் என்கிறான் ஏரோது. அவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் செய்வதையே அவளும் செய்தாள். தாயிடம் ஓடிப்போய், நான் என்ன கேட்கட்டும் என்று கேட்டாள். தாய் சொன்னாள். மகள் விரைந்து திரும்பிவந்து அதையே கேட்டாள். ஒரு தட்டில் வைத்துத் தரவேண்டும் என்பது மகள் தானாகச் சேர்த்துக்கொண்டது என்பதையும் மாற்குவின் வரிகளைக் கூர்ந்து வாசித்தால் காணலாம். பிள்ளைகள் நம்மிடம் கேட்டு அறிந்ததை அப்படியே வைத்திருப்பதில்லை. ஒரு படி மேலே கொண்டுசெல்கிறார்கள்.

நான் என்ன கேட்கட்டும் என்று நமது பிள்ளைகள் வாய்திறந்து நம்மிடம் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது கண்களால். விழா முடிந்த இரவில், விருந்தினர் போன பின்னர், கட்டிலில் அமர்ந்து கடிதவுறைகளைப் பிரிக்கிறோமே, அப்போது அவர்கள் அருகில் இருக்கிறார்கள். “இவையள் ஆயிரந்தான் வைச்சிருக்கினம். நாங்கள் அவையின்ர பிள்ளைக்கு இரண்டாயிரம் குடுத்தனாங்கள்.” அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளை இதைக் கேட்கிறது. ஐயாயிரம் வைத்த உறவினர் நல்லவர், ஐந்நூறு வைத்தவர் கஞ்சர் என்ற கணக்கை அது எங்கிருந்து கற்றுக்கொண்டது என்று பிறகு நாம் வியக்கிறோம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அதே மனிதர்கள்தான், அழைப்பை மறுக்க மனமின்றி, கையில் இருந்ததைக் கடிதவுறையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் வெறுங்கையுடன் வர வெட்கப்படுகிறார்கள். அழைப்புக் கிடைத்தும் வராமல் விட்டவர்களில் சிலர் அந்த வெட்கத்தினாலேயே வராதிருந்திருக்கலாம்.

கணக்கு வைப்பது முற்றிலும் தவறென்று நான் கூறமாட்டேன். நமது சமூகத்தில் கொடுக்கல் வாங்கல் என்பது உறவின் நரம்பு. பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாளில் காப்பும் அரைஞாணும் கொண்டுவருகிறார்கள். பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் நாளில் வந்து கூடுகிறார்கள். அவர்கள் வீட்டில் நன்மை தீமை வரும்போது நாம் போகிறோம். கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளாலேயே சமூகங்கள் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்று மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளியான தமது அன்பளிப்புப் பற்றிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். நம் பாட்டிமார் அவரை வாசிக்காமலேயே அதை அறிந்திருந்தார்கள். ஆகவே யார் என்ன தந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், நல்லது. நன்றி சொல்லவும் அது உதவும். அந்தக் கணக்கைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள் என்பதே எனது வேண்டுகோள்.

பொதியை வந்தவர் முன்னிலையில் பிரிப்பதா, பிறகு பிரிப்பதா என்றும் பலர் கேட்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் உடனே பிரித்துப் பார்க்கும்படி வற்புறுத்துகிறார்கள். அவர்கள் வாழும் நாடுகளில் அது மரியாதை. நமது ஊர் வழக்கத்தில் பொதிகளை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லாரும் போன பின்னரே பிரிப்போம். எனது விருப்பம் நமது பழைய வழக்கத்தின் பக்கமே. பெரிய பொதியும் சிறிய பொதியும் பலர் பார்க்கத் திறக்கப்படும்போது சிறிய பொதியைக் கொண்டுவந்தவர் கூனிப்போகிறார். ஆனால் பிறகு பிரித்தால் யார் எதைத் தந்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஆதலால் மறுநாள், பிள்ளையின் களைப்பு நீங்கிய பின்னர், ஒவ்வொன்றாகப் பிரித்து, தந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் நமக்கு யார் என்று ஒரு வார்த்தையும் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இருபது பொதிகளைக் கிழிக்கும் பிள்ளைக்கு எந்தப் பொதியும் நினைவில் நிற்பதில்லை.

முகம் பார்ப்பதில் இத்தனை அக்கறை எதற்கு என்று நீங்கள் நினைத்தால், சங்ககாலப் புலவர் பெருஞ்சித்திரனாரை நினைவூட்ட விரும்புகிறேன். மலையும் குன்றும் கடந்து அவர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். மன்னன் அவரை நேரில் காணாமலே, பரிசிலைக் கொடுத்தனுப்பும்படி செய்தான். வறுமையில் வந்த புலவர் அதை ஏற்கவில்லை. தன்னைக் காணாமல் தரும் பொருளை வாங்கிச்செல்லத் தான் வணிகன் அல்லன் என்றும், தன் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவேயானாலும் அது இனியது என்றும் அவர் பாடியது புறநானூற்றில் 208ஆம் பாடலாக இருக்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் காண வேண்டும்; இல்லாவிட்டால் அது வியாபாரம். நமது உறவுகள் பாதிக்குமேல் கடல் கடந்து வாழும் இக்காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பொதிகளும் பணமும் வருகின்றன. அத்தைக்கு ‘வாட்ஸ்அப்’பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று எண்ணுகிறோம். பிள்ளையை அமர வைத்து, அந்தச் சட்டையை அணிவித்து, வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். பிள்ளை நன்றி சொல்லாவிட்டாலும் போகட்டும். அந்தச் சட்டையுடன் குதித்துக் காட்டட்டும். குளிரில் வேலை முடிந்து வந்து அமர்ந்திருக்கும் அந்த அத்தைக்கு அதுவே போதும்.

மறுபுறத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிறந்தநாளை வீட்டில் கொண்டாடாமல் சிறுவர் இல்லங்களுக்கு உணவும் உடையும் கொண்டு செல்லும் நல்ல வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் அது பெருகியது. அவ்வாறான இல்லமொன்றுக்கு நானும் சென்றிருக்கிறேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முன்பின் அறியாத பிள்ளைக்காக வாழ்த்துப் பாடல் பாடினார்கள். ஒவ்வொருவராக வந்து, பொதியை இரு கைகளாலும் வாங்கி, தலைகுனிந்து, மனப்பாடமாக நன்றி கூறினார்கள். வெள்ளவத்தைப் பையன் கற்றுக்கொள்ளாத அத்தனை ஒழுங்கும் அவர்களிடம் குறைவின்றி இருந்தது. அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. கைமாறும் கணத்தில் கமராவுக்காகச் சற்று நிற்க வேண்டியிருந்தது. வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சிறுமி மாத்திரம் பொதியை வாங்கிக்கொண்டு, பிறந்தநாளுக்குரிய பிள்ளையைப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள். ‘ஏழு’ என்றது அந்தப் பிள்ளை. ‘எனக்கும் ஏழு’ என்றாள். இருவரும் சிரித்தார்கள். அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் பிள்ளையை அத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்வீர்களானால், கமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அங்குள்ள பிள்ளைகள் ஏதாவது தந்தால், ஒரு கடதாசிப் பூவானாலும், உங்கள் பிள்ளை அதைப் பெற்றுக்கொண்டு வரட்டும்.

வெள்ளவத்தைப் பையனின் தாயை இரு வாரங்களின் பின்னர் தேவாலய வாசலில் சந்தித்தேன். மறுநாளே அவனைக் கூட்டிக்கொண்டு மேல்மாடிக்குச் சென்றதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்கும்படி வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாராம். அவனோ அங்கு போனதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ஆசிரியை தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். மேசையில் கிடந்த பென்சிலொன்றைத் தீட்டித் தரும்படி அவனைக் கேட்டார். அவன் தீட்டிக் கொடுத்தான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மாலையில் தானாகவே மேலே போகிறானாம். அங்கு என்ன செய்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. பென்சில் பெட்டி மாத்திரம் வீட்டில் இல்லை.

எனது சின்ன மாமாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதொன்று உண்டு. அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். ஊருக்கு வந்திருந்தவரிடம் அந்தச் சிவப்புக் காரைப் பற்றி நானே பேச்செடுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சில் கிடந்த நன்றியை ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் சற்று நேரம் யோசித்தார்.

“பற்றரி கிடைக்கேல்லை எண்டு அண்டைக்குச் சொன்னன், என்ன? இரண்டு பற்றரி உள்ளுக்கை போட்டுத்தான் கொண்டு வந்தனான். வழியில செக்பொயின்ரில மூடியைத் திறந்து எடுத்துப்போட்டாங்கள். காரையும் பறிச்சுப் போடுவாங்களோ எண்டு நான் வாயே திறக்கேல்லை.”

அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பிறந்தநாளண்டு பிள்ளைக்குச் சொல்லுற கதையே அது?” என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.